முடிவுக் கோட்டருகே ரத்தப் பரிசோதனைக் கூடாரம்: ஆண்களின் புற்றுநோய்க்கான ஓட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்கள் குறித்த விழிப்புணர்வுக்கும் நிதிக்குமாக அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடந்த ஓட்டம் இது. 5 கி.மீ. ஓட்டம், 2 கி.மீ. நடை என இரண்டு பிரிவுகள். போட்டி இல்லை, பரிசு இல்லை. முடித்த எல்லோருக்கும் ஒரே பதக்கம். ஏற்பாட்டுக் குழுவில் பதினொரு பேர்: இரண்டு செவிலியர்கள், ஓர் ஓட்டப் பயிற்சியாளர், மற்றவர்கள் தன்னார்வலர்கள்.

குழு புதிதல்ல. மார்பகப் புற்றுநோய்க்காக ஏற்கெனவே இரண்டு ஓட்டங்களைக் குறையில்லாமல் நடத்தியிருந்தது. அவற்றில் மார்பகத்தை எக்ஸ்-ரே படம் எடுக்கும் மேமோகிராம் வண்டி ஒன்று மைதான ஓரத்தில் நின்றது. ஓடி முடித்த பெண்கள் அங்கே போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். அதே அச்சில் ஆண்களுக்கான ஓட்டத்தையும் வார்த்துவிடலாம் என்று நினைத்ததில்தான் சிக்கல் பிறந்தது. ஓடிவிட்டு வந்து எடுத்தாலும் மேமோகிராம் படம் மாறாது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டா என்று தேட எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அப்படிப்பட்டதல்ல.

இன்னொரு வேறுபாட்டையும் குழு கவனிக்கவில்லை. ‘ஆண்களின் புற்றுநோய்’ என்பது ஒரு நோய் அல்ல. புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவது. விரைப் புற்றுநோய் 15 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களிடம் அதிகம் காணப்படுவது. ஆண்குறிப் புற்றுநோய் அரிது. மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆண். பேனரில் இவை எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்பவர் வேறு, சொல்ல வேண்டியதும் வேறு.

முதல் ஆண்டுத் திட்டம்

பதிவு செய்தவர்கள் 612 பேர். அவர்களில் 50 வயதைத் தாண்டிய ஆண்கள் 71 பேர்தான். பாதிக்கு மேல் 35 வயதுக்கு உட்பட்டவர்கள்; பெண்களும் கணிசம். பதிவுப் படிவத்தில் வயதும் பாலினமும் கேட்டிருந்ததால் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே இந்தக் கணக்கு குழுவின் கையில் இருந்தது. டி-ஷர்ட் அளவைக் கணக்கிட மட்டுமே அதைப் பயன்படுத்தினார்கள். அரங்கின் உள்ளடக்கம், பலகைகள், மைக்கில் பேசுவது எல்லாமே புரோஸ்டேட்டை மையமாக வைத்து முன்பே தீர்மானமாகியிருந்தன.

பாதை, ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் வளையம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே 3 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளத்தில் ஒரு வெளியேறு பாதை. அதன் கடைசியில் தண்ணீர், பதக்கம். கோட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி, வெளியேறு பாதையை ஒட்டினாற்போல ‘இலவச புரோஸ்டேட் பரிசோதனை’ கூடாரம். ஓடி வருகிறவர் கண்ணில் படாமல் போகக் கூடாது என்பதே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். முதலுதவி மேசையும் இதயத்துடிப்பை மீட்கும் ஏஇடி கருவியும் கூடாரத்துக்கு மறுபுறம்.

பாதையில் அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை. ‘இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறீர்களா? புற்றுநோயாக இருக்கலாம்’ என்ற வகையிலான வாசகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து வரி.

ஓட்ட நாளில் கண்டது

முதல் ஓட்டக்காரர் வந்து இருபது நிமிடம் வரை எல்லாம் சீராக நடந்தது. கூட்டம் சேரத் தொடங்கியதும் கூடாரத்தின் வரிசை வெளியேறு பாதைக்குள் புகுந்தது. பின்னால் வந்தவர்கள் கோட்டைத் தாண்டிய நாலாவது அடியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

அந்த வரிசையில் நின்ற ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், கம்பியைப் பிடித்தபடியே சரிந்தார். ஓடும்போது கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் அழுத்தி அந்த ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் அந்த அழுத்தம் நின்றுவிடுகிறது, ரத்தம் கால்களிலேயே தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. இப்படி விழுகிறவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார். அவரும் தெளிந்தார். முடிவுக் கோட்டுக்குப் பின் விழுவது பெரும்பாலும் இந்த வகை. கோட்டுக்கு முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் இதயம், வெப்பத்தாக்கு போன்ற ஆபத்தான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விழுந்தவுடன் அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. முதலில் மூச்சும் நினைவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மார்பழுத்தத்தைத் தொடங்கி ஏஇடியைக் கொண்டுவர வேண்டும். இதயம் நின்றவருக்கு மின் அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும். அன்று ஏஇடியை எடுத்துவந்தவர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. கருவி தேவைப்படாமல் போனது அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஆள் கூடாரத்துக்குள், ஊசி கையில் இருக்கும்போதே மயங்கினார். ஓடிக் களைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக வந்து உட்கார்ந்தவர். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததால் தலையில் அடிபடவில்லை.

பார்வைக்குப் படாமல் போன ஒன்றும் நடந்தது. புரோஸ்டேட் சுரப்பியை அகற்றிக்கொண்ட சிலர் நடைப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த அறுவைக்குப் பின் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட, இருமினாலோ வேகமாக நடந்தாலோ சிறுநீர் கசியும்; பேடு அணிந்திருப்பார்கள். ஆறு கழிப்பறைகளும் தொடக்க இடத்திலேயே இருந்தன. ஆண்கள் பகுதியில் ஒன்றில்கூடக் குப்பைத்தொட்டி இல்லை. நடந்தவர்களில் ஒருவர் 800 மீட்டரிலேயே பாதையை விட்டு விலகிப்போனார். நனைந்த பேடை ஒரு பாலித்தீன் பையில் சுருட்டிப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்ததாகப் பின்னர் எழுதிய கருத்துத் தாளில் சொல்லியிருந்தார். அந்த ஓட்டமே அவரைப் போன்றவர்களுக்காக நடத்தப்பட்டது.

முடிவுகள் வந்த வாரம்

48 பேரிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. 17 பேர் 45 வயதுக்கும் கீழே. குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்ததா என்ற கேள்வியோ, மருந்துப் பட்டியலோ படிவத்தில் இல்லை. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற ஒரே எல்லையை வயது பார்க்காமல் எல்லோருக்கும் வைத்து, 9 பேருக்கு ‘அதிகம்’ என்று குறித்திருந்தது ஆய்வகம்.

முடிவு குறுஞ்செய்தியாகப் போனது, வெள்ளிக்கிழமை மாலை. ‘பிஎஸ்ஏ 5.8. அதிகம். மருத்துவரை அணுகவும்.’ யாரை அணுகுவது, எப்போது, எவ்வளவு அவசரம் என்று எதுவும் இல்லை. திருப்பி அழைக்க எண்ணும் இல்லை. 61 வயதான ஒருவர் அந்தச் செய்தியோடு இரண்டு இரவு தூங்காமல் இருந்ததை, திங்கட்கிழமை காலை குழுவைத் தேடிப்பிடித்துப் பேசிய அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

குழு அப்போதுதான் ஒரு சிறுநீரக அறுவை நிபுணரைக் கலந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “ஓடுறதுக்கு முன்னாடி எடுத்தீங்களா, பின்னாடியா?”

எங்கே பிசகியது

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் மட்டுமல்ல, சுரப்பி வயதால் வீங்கினாலும், கிருமித்தொற்று வந்தாலும் அதன் அளவு ரத்தத்தில் கூடும். கடும் உடற்பயிற்சி, அதிலும் சைக்கிள் ஓட்டம், தற்காலிகமாக அளவை ஏற்றலாம். விந்து வெளியேற்றமும் அப்படியே. அதனால்தான் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் இவை இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலோ, புரோஸ்டேட்டிலிருந்து திசு எடுத்திருந்தாலோ ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ஓட்டம் ஒருவருக்கு எவ்வளவு ஏற்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவது. பலருக்கு ஒன்றுமே ஏறாது. ஆனால் ஏறியதா இல்லையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாத மாதிரியை எடுத்ததே தவறு.

எதிர்த்திசையில் நடந்த தவறு இதைவிட மோசமானது. 2.6 என்று வந்த ஒருவருக்கு ‘இயல்பு’ என்று செய்தி போயிருந்தது. அவர் புரோஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு ஆண்டுகளாக ஃபினாஸ்டரைடு சாப்பிட்டுவந்தவர். அந்த மருந்தை ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தால் பிஎஸ்ஏ ஏறத்தாழ பாதியாகக் குறையும். வந்த அளவை இரட்டிப்பாக்கித்தான் படிக்க வேண்டும். அதாவது அவருடையது 5.2. தலைமுடி உதிர்வுக்காகக் குறைந்த அளவில் இதே மருந்தை எடுக்கும் இளைஞர்களும் உண்டு என்பதால், ‘புரோஸ்டேட் மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் போதாது, மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே வகை மருந்தான டூட்டாஸ்டரைடுக்கும் இதே கணக்கு.

மூன்றாவது பிசகு சம்மதம். இந்தப் பரிசோதனையை எல்லா ஆணும் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒருமனதாகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரை, 55 முதல் 69 வயது வரை நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கட்டும் என்கிறது. 70க்கு மேல் வழக்கமான பரிசோதனை வேண்டாம் என்கிறது. நன்மை, சிலருக்கு நோய் பரவுமுன் தெரிவது. தீமை, வாழ்நாள் முழுவதும் தொந்தரவு தராமலேயே இருந்திருக்கக்கூடிய கட்டியைக் கண்டுபிடித்து, அதற்குச் சிகிச்சை செய்து, சிறுநீர்க் கசிவையும் விறைப்புக் குறைபாட்டையும் வாங்கிக்கொள்வது. மூச்சு இரைக்க, வியர்வை வடிய, மைக்கில் ‘இலவசம், இலவசம்’ என்று அலறும் சத்தத்துக்கு நடுவே நிற்கும் மனிதரிடம் இதைப் பேச முடியாது. யாரும் பேசவும் இல்லை.

பலகைகளும் தவறான செய்தியைத்தான் சொல்லின. இரவில் அடிக்கடி எழுவது, சிறுநீர் மெல்லிதாகப் போவது போன்றவை பெரும்பாலும் வயதால் வரும் புரோஸ்டேட் வீக்கத்தின் அறிகுறிகள். ஆரம்பநிலைப் புற்றுநோய்க்குப் பொதுவாக அறிகுறியே இருக்காது. அந்தப் பலகையைப் படித்தவரில் பாதிப் பேர் வீணாகப் பயந்திருப்பார்கள். மீதிப் பேர் ‘எனக்கு அந்தத் தொல்லை இல்லை’ என்று நிம்மதியாகப் போயிருப்பார்கள். இரண்டுமே கேடு. சொல்லியிருக்க வேண்டியது ஆபத்துக் காரணிகளை: வயது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ நோய் இருந்தது (ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும்), ஆப்பிரிக்க வம்சாவளி, குடும்பத்தில் பிஆர்சிஏ2 மரபணு மாற்றம்.

முதல் ஆண்டின் முடிவு

9 பேரையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்து விளக்க முயன்றார்கள். ஆறு வாரம் கழித்து, முதலில் சிறுநீர்த் தொற்று இல்லை என்று உறுதிசெய்து, 48 மணி நேரக் கட்டுப்பாட்டோடு மறுபடி ரத்தம் எடுக்க ஏற்பாடானது. 7 பேர் வந்தார்கள். நால்வருக்கு அளவு எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. குறுஞ்செய்தியால் தூக்கம் தொலைத்தவருக்கு 5.8 இப்போது 2.9. ஓட்டம்தான் காரணமா, முதல்முறை கண்டறியப்படாத தொற்றா, இயல்பான ஏற்ற இறக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. மூவருக்கு அளவு இறங்கவில்லை. அவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் இருவருக்குச் சந்தேகப்படும்படி ஏதுமில்லை. ஒருவருக்குத் திசுப் பரிசோதனையில் வீரியம் குறைந்த கட்டி தெரிந்தது. உடனடிச் சிகிச்சை இல்லாமல் தொடர் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். ஃபினாஸ்டரைடு எடுத்தவர் தனியாக நிபுணரிடம் அனுப்பப்பட்டார்.

வராத இருவரைப் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை. ஒருவரின் எண் தவறாக எழுதப்பட்டிருந்தது. வியர்த்த கையால் எழுதிய படிவம்.

மறு ஆண்டுக்கு எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. ஓடுவதற்கு முன் காலையிலேயே ரத்தம் எடுப்பது முதலாவது. முந்தைய இரண்டு நாள் பயிற்சியில் இருந்தவர்களே அன்று ஓட வருகிறவர்கள் என்பதாலும், ரத்தம் கொடுத்த கையோடு ஓடவிடுவது சரியில்லை என்பதாலும் அது கைவிடப்பட்டது. ஓட்ட எண் அட்டை வாங்க வரும் நாளில் எடுப்பது இரண்டாவது. அங்கும் அதே பயிற்சிப் பிரச்சினை, கூடவே முடிவைப் பின்தொடர ஆள் இல்லை. மூன்றாவது, ஓட்டத்தில் ஊசியே வேண்டாம், பேச்சு மட்டும் போதும், விருப்பமுள்ளவருக்குப் பத்து நாள் கழித்து ஒரு மருத்துவமனையில் நேரம் குறித்த சீட்டு கொடுப்பது. நிதி தருகிறவர்களில் சிலர் இதை விரும்பவில்லை. ‘இத்தனை பேருக்குப் பரிசோதனை’ என்ற எண்ணிக்கை அறிக்கையில் அழகாக இருக்கும். குழு மூன்றாவதையே எடுத்தது. முடிவை விளக்கவும், அடுத்த படிக்கு அனுப்பவும் பொறுப்பான ஒருவர் இல்லாத இடத்தில் பரிசோதனை நடத்தக் கூடாது என்பதே காரணம்.

சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து வரி: இரண்டு நாள் கடும் பயிற்சியும் சைக்கிளும் வேண்டாம், இரண்டு நாள் விந்து வெளியேற்றம் வேண்டாம், சிறுநீர் எரிச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சாப்பிடும் மருந்துகளைக் கொண்டுவாருங்கள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்று கேட்டுவாருங்கள்.

முடிவுக் கோட்டிலிருந்து 60 மீட்டர் வரை எந்தக் கூடாரமும் இல்லை. தண்ணீரும் பதக்கமும் அந்த 60 மீட்டரின் கடைசியில் வைக்கப்பட்டன; வாங்க வேண்டுமானால் நடந்தே ஆக வேண்டும். வெளியேறு பாதையின் அகலம் 5 மீட்டராயிற்று. ‘நிற்காதீங்க, நடந்துகிட்டே இருங்க’ என்று சொல்வதற்கென்றே இரண்டு தன்னார்வலர்கள். ஏஇடி இரண்டு: ஒன்று கோட்டருகே, இன்னொன்று பாதையின் நடுவில் சைக்கிளில். எங்கே விழுந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் கருவி போய்ச் சேர வேண்டும் என்று முதல் நாளே கடிகாரம் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

நடைப் பாதையின் 1 கி.மீ. திருப்பத்தில் இரண்டு கழிப்பறைகள் கூடுதலாக வந்தன. ஆண்கள் கழிப்பறை ஒவ்வொன்றிலும் கதவுக்கு உட்புறம் மூடியுள்ள தொட்டி. செலவு என்று பார்த்தால் எல்லா மாற்றங்களிலும் இதுதான் மிகச் சிறியது. பதிவுப் பக்கத்திலும் ஒரு வரி சேர்த்தார்கள்: புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்கள், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். அந்தச் சிகிச்சை எலும்பின் அடர்த்தியையும் தசையையும் குறைக்கும். அதனால் உடற்பயிற்சி அவர்களுக்கு நல்லது; ஆனால் குதித்து ஓடுவது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

பலகைகளில் வார்த்தைகள் குறைந்தன. ஓடுகிறவர் ஒரு பலகையைப் பார்ப்பது மூன்று, நான்கு விநாடி. ஐந்தாறு சொல்லுக்கு மேல் மனதில் ஏறாது. எழுத்தின் உயரம் 10 செ.மீ. இருந்தால் 12 மீட்டர் தொலைவிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். ‘அப்பாவுக்கு இருந்ததா? கேளுங்கள்’ என்பது ஒரு பலகை. ‘வலியில்லாத கட்டியா? உடனே காட்டுங்கள்’ என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது பலகைதான் வந்த கூட்டத்துக்குப் பொருந்தியது. இளைஞர்களுக்காகத் திரை மறைத்த ஒரு மேசையில் சிலிக்கான் விரை மாதிரிகளை வைத்திருந்தார்கள். ஒன்றில் பட்டாணி அளவுக் கட்டி, இன்னொன்றில் அதைவிடச் சிறியது, மூன்றாவது கட்டியில்லாதது. கட்டியில்லாத மாதிரி இல்லாமல் மற்ற இரண்டும் பயன்படாது என்பது முதல் அரைமணியிலேயே தெரிந்தது. விரையின் பின்புறம் மேலிருந்து கீழாகப் போகும் மெத்தென்ற குழாய்ப் பகுதியைத் தொட்டுவிட்டு “இதுதானே கட்டி?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். அது விந்துக்குழல் சுருள், எல்லோருக்கும் உண்டு. ஒரு விரை மற்றதைவிடச் சற்றுப் பெரியதாகவோ கீழிறங்கியோ இருப்பதும் இயல்பே. வெந்நீரில் குளித்தபின் விரைப்பை தளர்ந்திருக்கும்போது கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான, பெரும்பாலும் வலியில்லாத கட்டி, கனம், வீக்கம் ஆகியவை தெரிந்தால் நாள் கடத்தாமல் அல்ட்ராசவுண்ட். அறிகுறியில்லாத எல்லோரும் மாதாமாதம் பார்க்க வேண்டும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் ‘மாதம் ஒருமுறை’ என்று தேதி சொல்லவில்லை. தன் உடலின் இயல்பைத் தெரிந்துவைத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பரவிய நிலையிலும் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் இது. வெட்கத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் சிகிச்சையைக் கடினமாக்குகிறது. பிறக்கும்போது விரை பைக்குள் இறங்காமல் இருந்து பின்னர் சரிசெய்யப்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதை அம்மாக்களிடம்தான் கேட்டறிய முடியும். மேசைக்கு வந்த சில பெண்கள் அதைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்து நடந்தது

இரண்டாம் ஆண்டில் முடிவுக் கோட்டருகே யாரும் மயங்கவில்லை. தலைசுற்றல் என்று மூன்று பேர் முதலுதவிக்கு வந்தார்கள், படுக்கவைத்ததும் சரியாயிற்று. 54 சீட்டுகள் கொடுக்கப்பட்டன, குறித்த நாளில் 19 பேர் வந்தார்கள். அவர்களில் ஐவர் மருத்துவரிடம் பேசிவிட்டு, பரிசோதனை இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பினார்கள். முந்தைய ஆண்டின் கணக்கில் இது தோல்வியாகப் பதிவாகியிருக்கும். 14 பேரின் முடிவும் மருத்துவர் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லித்தான் தெரிந்தது. எழுத்துச் செய்தி அதற்குப் பிறகே போனது. இருவர் மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள்.

சிலிக்கான் மாதிரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன இளைஞர் ஒருவர் இரண்டு வாரம் கழித்து அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டார். நீர்க்கட்டி, ஆபத்தில்லை.

இன்னும் மாற வேண்டியவை

54இல் 19 என்பது குறைவுதான். சீட்டில் நேரத்தை அச்சடித்துக் கொடுத்ததால், மாற்ற விரும்பியவர்கள் வராமலே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த முறை மூன்று தேதிகளில் ஒன்றை அங்கேயே தேர்ந்தெடுக்கவைத்து, மூன்று நாள் முன்பு அழைத்து 48 மணி நேரக் கட்டுப்பாட்டை நினைவூட்டத் திட்டம். முந்தின நாள் நினைவூட்டினால் அந்தக் கட்டுப்பாட்டுக்கே நேரம் இருக்காது.

50 வயதைத் தாண்டிய ஆண்கள் இரண்டாம் ஆண்டிலும் கூடவில்லை. ஓட்டம் என்ற வடிவமே அவர்களை வரவிடாமல் செய்கிறதோ என்று குழு யோசிக்கிறது. பதிவுப் படிவத்தில் ‘உங்களோடு நடக்க வருகிற 50 வயதுக்கு மேற்பட்டவர்’ என்று இரண்டாவது பெயருக்கு ஓர் இடம் விட்டு, அந்தப் பெயருக்குக் கட்டணம் இல்லாமல் செய்யலாம் என்பது இப்போதைக்கு மேசையில் இருக்கும் யோசனை. கழிப்பறைத் தொட்டிகளைப் பொறுத்தவரை ஒரு சிறு பாக்கி: உள்ளே வைத்திருந்தார்கள், வெளியே அறிவிப்பு ஒட்டவில்லை. முந்தைய ஆண்டு 800 மீட்டரில் விலகிப்போனவர் இந்த முறை பதிவு செய்யவில்லை.